ஏலப் பர்ஸும் இரும்புலியூர் ரசிகரும்

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை ஐபிஎல் கிரிக்கெட் அணியான சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கிக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. சாம்சன் தம் பழைய 18 கோடி ரூபாய்ச் சம்பளத்தோடு சென்னைக்கு வருகிறார். சென்னையில் 18 கோடி வாங்கிக்கொண்டிருந்த ஜடேஜாவின் சம்பளம் ராஜஸ்தானில் 14 கோடி. கரனுக்கு 2.4 கோடி.

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்தைத் தாண்டி, பைபாஸ் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது இரும்புலியூர். அங்குள்ள டீக்கடைகளில் அடுத்த சில நாட்களுக்கு வேறு பேச்சே இல்லை. பேசியவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்தார்கள். முதல் கட்சி, 2023 இறுதிப் போட்டியை மறக்காதவர்கள். அகமதாபாத்தில் மழையால் ஆட்டம் தள்ளிப்போய் நள்ளிரவைத் தாண்டி முடிந்த இரவில், கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருந்தது. மோகித் சர்மா வீசிய அந்தப் பந்துகளை ஜடேஜா ஒன்றை சிக்ஸருக்கும் மற்றதை பவுண்டரிக்கும் அனுப்பினார். "அந்த ரெண்டு பந்து அடிச்சவன விக்கிறதுக்கு மனசு எப்படி வந்துச்சு?" என்பதே இவர்கள் கேள்வி. இரண்டாம் கட்சி கணக்குப் பார்க்கும் இளைஞர்கள். "அண்ணா, பாசம் வேற, பர்ஸ் வேற. தல தோனிக்கு 44 வயசு. அடுத்த கீப்பர் யாரு, நீங்களே சொல்லுங்க" என்றார்கள். மூன்றாம் கட்சி எண்ணிக்கையில் சிறியது, ஆனால் ஒவ்வொரு ஏலத்துக்குப் பிறகும் தவறாமல் வாய் திறக்கும்: "யாரு வந்தா என்ன, யாரு போனா என்ன? நம்ம ஊரு பையன் டீம்ல எத்தன பேரு?"

விளையாட்டு அணியொன்றின் ஆள் மாற்றத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பேசும் பொதுமக்கள் உலகில் அதிகம் இல்லை. அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் நூறாண்டுக்கும் மேலாக இதைச் செய்துவருகிறார்கள். அங்கே ஆட்டம் ஓய்ந்திருக்கும் குளிர்காலம் முழுக்க யாரை வாங்குவது, யாரை விடுவது, எந்தப் பணக்கார அணி எதை அள்ளிக்கொண்டது என்பதே பேச்சு. தென்சென்னைப் புறநகரில் இந்தப் பழக்கம் வேரூன்றிப் பதினெட்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்தப் பேச்சை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கூலி, உரிமை, ஊர், நியாயம் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. அதில் எது சரியாகப் பிடிபடுகிறது, எது கைக்கு அகப்படாமல் நழுவுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் அக்கறை.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் முதல் ஐபிஎல் ஏலம் நடந்தது. அதற்கு முன்பே அணிகளின் உரிமை விற்கப்பட்டிருந்தது. மும்பை 11.19 கோடி டாலருக்கும், சென்னை 9.1 கோடி டாலருக்கும், ராஜஸ்தான் 6.7 கோடி டாலருக்கும் போயின. உரிமையாளர்களின் செல்வத்தில் இத்தனை வித்தியாசம் இருந்தாலும், வீரர்களை வாங்க எல்லா அணிக்கும் ஒரே பர்ஸ்தான்: 50 லட்சம் டாலர். இந்த ஒரே விதிதான் ஐபிஎல்லைப் பேஸ்பாலிலிருந்து பிரிக்கிறது.

விதி சமம் என்றாலும் அதற்குள் ஒரு வளைவு இருந்தது. மும்பைக்குச் சச்சின், கொல்கத்தாவுக்குக் கங்குலி, பெங்களூருக்கு டிராவிட், பஞ்சாபுக்கு யுவராஜ், டெல்லிக்குச் சேவாக் என ஐந்து அணிகளுக்கு 'ஐகான்' வீரர்கள் ஒதுக்கப்பட்டார்கள். அந்த அணியில் அதிகச் சம்பளம் வாங்கும் மற்ற வீரரைவிட 15 சதவீதம் கூடுதலாக ஐகானுக்குத் தர வேண்டும். சென்னைக்கு ஐகான் யாரும் இல்லை. தோனி ஏலத்துக்கு வந்தபோது இதுவே பெரிய வரமாக அமைந்தது. தோனிக்கு 15 லட்சம் டாலர் தந்தால் மும்பை, சச்சினுக்கு அதற்கும் மேலே தர வேண்டும். இருவருக்குமே பர்ஸில் பெரும்பகுதி போய்விடும். சென்னைக்கு அந்தச் சுமை இல்லை. தோனி மஞ்சள் சட்டைக்கு வந்த கதையை விதி என்றும் பாக்கியம் என்றும் சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது ஏல விதிமுறையை மற்றவர்களைவிட நன்றாகப் படித்தவர்களுக்குக் கிடைத்த பலன். அந்த முதல் ஆண்டில் கோப்பையை வென்றதோ மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட ராஜஸ்தான். இறுதிப் போட்டியில் அது தோற்கடித்தது சென்னையை. அந்த ராஜஸ்தான் அணியில் பத்தொன்பது வயது ஜடேஜாவும் இருந்தார்.

பேஸ்பாலில் நிலைமை நேர் எதிர். அங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அணி ஆடம்பர வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2002-இல் ஓக்லாண்ட் அணியின் மொத்தச் சம்பளம் சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸின் சம்பளம் சுமார் 12.5 கோடி. மூன்று மடங்கு பணத்தோடு மோத வேண்டியிருந்த அந்த ஏழை அணி, மற்றவர்கள் குறைத்து மதிப்பிட்ட வீரர்களைத் தேடிப்பிடித்து எழுந்த கதை புத்தகமாகி, படமாகி, நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. இப்போது அந்தப் பணக்கார இடத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் இருக்கிறது. ஷோஹெய் ஒஹ்தானிக்குப் பத்தாண்டுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் 68 கோடி பிற்காலத்தில் கொடுக்கப்படும். 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் அந்த அணிதான் சாம்பியன். சிறிய நகரங்களின் ரசிகர்கள் உச்சவரம்பு கேட்டுக் கொதிக்கிறார்கள். அவர்கள் கேட்கும் உச்சவரம்பு நமக்குப் பிறக்கும்போதே கிடைத்தது.

கிடைத்தும் என்ன ஆயிற்று? 2008 முதல் 2025 வரை பதினெட்டுக் கோப்பைகள். அவற்றில் பத்து, சென்னைக்கும் மும்பைக்குமே போயின, ஆளுக்கு ஐந்தாக. கொல்கத்தாவுக்கு மூன்று. பர்ஸ் ஒன்றாக இருந்தும் கோப்பை இரண்டு வீட்டில் குவிந்திருக்கிறது.

இதற்குப் பர்ஸுக்கு வெளியே இருக்கிற செல்வமே காரணம் என்று நினைக்கிறேன். சென்னை அணியின் பின்னால் இந்தியா சிமென்ட்ஸ் இருந்தது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் முதல் டிவிஷன் லீக்கில் பல பத்தாண்டுகளாக அணிகளை நடத்தி, வேலை கொடுத்து வெளியூர் ஆட்டக்காரர்களை அழைத்துவந்து ஆடவைத்த அனுபவம் அந்த நிறுவனத்துக்கு உண்டு. சன்மார் குழுமத்தின் ஜாலி ரோவர்ஸ் போன்ற அணிகளோடு அது போட்ட போட்டியில், யாரை எடுப்பது, யாரைப் பொறுமையாக வைத்திருப்பது என்ற கலை ஐபிஎல் பிறப்பதற்கு வெகு முன்பே சென்னையில் கற்கப்பட்டுவிட்டது. ராஜா ஆஃப் பாளையம்பட்டி ஷீல்டுக்காக நடந்த அந்த லீக் ஆட்டங்களுக்குப் பார்வையாளர் குறைவு. ஆனால் சூப்பர் கிங்ஸின் நிர்வாகப் பழக்கங்கள் அங்கே பிறந்தவை.

அந்தச் செல்வத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அது விதியின் ஓட்டை வழியாகப் போகும் பணம். 2010 ஏலத்தில் ஒரு வீரருக்கு 7.5 லட்சம் டாலருக்கு மேல் கேட்கக் கூடாது என்ற வரம்பு இருந்தது. பல அணிகள் அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் மூடிய உறையில் ரகசியத் தொகை எழுதித் தர வேண்டும். அதிகம் எழுதியவருக்கு வீரர். கூடுதல் தொகை கிரிக்கெட் வாரியத்துக்கு. கீரன் பொல்லார்டு மும்பைக்குப் போனது அப்படித்தான். 2012-இல் ஜடேஜாவுக்காகச் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் 20 லட்சம் டாலர் வரை ஏறி, அதே ரகசிய உறையில் சென்னை வென்றது. எவ்வளவு எழுதினார்கள் என்று அறிவிக்கப்படவில்லை. பர்ஸ் சமம், உறை சமமில்லை. பின்னால் அந்த ஓட்டை டிரேடில் தெரிந்தது, அதாவது அணிகள் வீரர்களை நேரடியாகக் கைமாற்றிக்கொள்வதில். 2023 நவம்பரில் குஜராத்தின் கேப்டன் ஹர்திக் பாண்டியா மும்பைக்குத் திரும்பினார். ஒரு அணி மற்றோர் அணிக்குத் தந்த மாற்றுத் தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. அது வீரரின் சம்பளம் அல்ல என்பதால் பர்ஸிலும் வராது.

வெளிநாட்டு லீக்குகளையும் இதோடு சேர்க்க வேண்டும். இன்று மும்பைக்குக் கேப் டவுனிலும் நியூயார்க்கிலும் அமீரகத்திலும் அணிகள் உண்டு. சென்னைக்கு ஜோகன்னஸ்பர்க்கிலும் டெக்சஸிலும் உண்டு. இளம் வெளிநாட்டு வீரருக்கு ஆண்டு முழுக்க வேலை தரக்கூடிய உரிமையாளரும், இரண்டு மாத வேலை மட்டுமே தரக்கூடிய உரிமையாளரும் ஒரே பர்ஸோடு ஏல மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் பலம் ஒன்றல்ல. இதெல்லாம் விதிக்கு உட்பட்டதுதான். ஆனாலும் 'எல்லாருக்கும் சமம்' என்கிற வாக்குறுதி எத்தனை இடத்தில் கசிகிறது என்று ரசிகர்கள் கேட்பது முழுக்க நியாயம். 2025-இல் காயமடைந்த குர்ஜப்னீத் சிங்குக்குப் பதிலாக டெவால்ட் பிரெவிஸைச் சென்னை எடுத்தபோது, அவருக்குக் கூடுதல் பணம் தரப்பட்டது என்ற பொருளில் அஸ்வின் தம் யூடியூப் சேனலில் பேசப்போக, 2.2 கோடிக்குள் விதிப்படியே எடுத்தோம் என்று அணி அறிக்கை விட நேர்ந்தது. மாற்று வீரரின் சம்பளம் யாருக்குப் பதிலாக வருகிறாரோ அவர் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியை அந்த வாரத்தில்தான் பலர் முதன்முறையாகப் படித்தார்கள்.

பகைமை இல்லாமல் இந்தப் பேச்சுக்குச் சூடில்லை. மும்பையோடு சென்னை நான்கு இறுதிப் போட்டிகளில் மோதியிருக்கிறது: 2010-இல் சென்னை வென்றது, 2013, 2015, 2019 மூன்றிலும் மும்பை. கடைசியானது ஒரே ஒரு ரன்னில். இது ஆட்டக்களத்துப் பகை. அடுத்த நாள் வேலைக்குப் போனால் ஆறிவிடும். பெங்களூரோடு உள்ளது வேறு வகை. அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. 2018 ஏப்ரலில், இரண்டு ஆண்டுத் தடைக்குப் பின் சென்னை அணி சேப்பாக்கம் மைதானத்துக்குத் திரும்பிய முதல் ஆட்டத்தன்று, காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் போராட்டம் நடந்தது. மீதி ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. சுமார் ஆயிரம் ரசிகர்கள் சிறப்பு ரயிலில் புனேவுக்குப் போனார்கள். ஊரில் வயல் காயும்போது ஆட்டம் எதற்கு என்று கேட்டவர்களும், ஆட்டத்தை விரட்டியதால் தண்ணீர் வந்துவிடுமா என்று கேட்டவர்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரு தரப்பிலும் உண்மை இருந்தது என்பதே என் எண்ணம். அணியை ஊரின் அடையாளமாக ஏற்றுக்கொண்ட பிறகு, ஊரின் துயரத்திலிருந்து அதற்கு விலக்குக் கேட்க முடியாது.

2013-இல் இதே சிக்கல் இன்னும் கூர்மையாக வந்தது. இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக் கூடாது என்று தமிழக அரசு வலியுறுத்த, அந்த ஆண்டு அவர்கள் இல்லாமலேயே சேப்பாக்கத்தில் ஆட்டங்கள் நடந்தன. சூப்பர் கிங்ஸே நுவன் குலசேகரவையும் அகில தனஞ்சயவையும் வாங்கி வைத்திருந்தது. அதற்கு முன் மூன்று ஆண்டுகள் முத்தையா முரளிதரன் இதே மஞ்சள் சட்டையில் ஆடியிருக்கிறார். அடுத்த பத்தாண்டுக்குள் மகீஷ் தீக்‌ஷனாவும் மதீஷ பதிரனாவும் சேப்பாக்கத்தின் செல்லப்பிள்ளைகள் ஆனார்கள். இதை மறதி என்று குறை சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு நாட்டின் அரசு செய்தது வேறு, அந்த நாட்டு இளைஞன் பந்து வீசுவது வேறு என்று பிரித்துப் பார்க்க ஒரு கூட்டம் தானாகவே வந்து சேர்ந்தது. அதற்குக் காலம் தேவைப்பட்டது.

இனி அந்த மூன்றாம் கட்சியின் கேள்விக்கு வருகிறேன். நம்ம ஊர்ப் பையன் எங்கே?

2011 மே 28 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியை நினைவுபடுத்திப் பாருங்கள். முரளி விஜய் 95 ரன். முதல் ஓவரிலேயே கிறிஸ் கெயிலை அஸ்வின் ரன் இல்லாமல் அனுப்பினார். பத்ரிநாத் அணியில் இருந்தார். அந்தக் காலத்தை இழந்ததை இரும்புலியூர் மட்டும் உணரவில்லை. 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையிலேயே பாமக உறுப்பினர் ஒருவர், தமிழக வீரர்களுக்கு இடம் தராத அணியைத் தடை செய்ய வேண்டும் என்று பேசினார். இன்றைக்குத் தமிழக ஆட்டக்காரர்களைத் தேடினால் ஊர் ஊராகப் போக வேண்டும். சாய் சுதர்சனும் வாஷிங்டன் சுந்தரும் குஜராத்தில். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவில். சின்னப்பம்பட்டி நடராஜனை 2025-க்கான ஏலத்தில் 10.75 கோடிக்கு டெல்லி எடுத்தது.

கோபம் புரிகிறது. ஆனால் காரணத்தைச் சரியாகப் பார்த்தால் கோபத்தின் திசை மாறும். ஐபிஎல்லின் தொடக்க ஆண்டில் ஒவ்வோர் அணியும் தன் வட்டாரத்து வீரர்கள் குறைந்தது நால்வரை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. இந்திய அணிக்கு ஆடாத உள்ளூர் வீரர்கள் அப்போது ஏலத்துக்கே வர முடியாது. எத்தனை ஆண்டு முதல்தர ஆட்டம் ஆடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு 10, 20, 30 லட்சம் எனச் சம்பளம் கட்டி வைக்கப்பட்டிருந்தது. விலை பேச வழியில்லாத பையன், பழகிய ஊர் அணியோடு கையெழுத்துப் போட்டான். 2014-இல் அவர்களும் ஏலத்துக்கு வந்தார்கள். வந்ததும் யார் அதிகம் கேட்கிறாரோ அவரிடம் போனார்கள். ரசிகர் தம் ஊர்ப் பையனை இழந்ததும், அந்தப் பையன் தன் உழைப்புக்கு விலை பெற்றதும் ஒரே கதவின் வழியே நடந்தவை. சேலம் மாவட்டத்துக் கூலித் தொழிலாளியின் மகன் நடராஜனைப் பஞ்சாப் 2017-இல் 3 கோடிக்கு எடுத்தபோது திறந்தது அந்தக் கதவுதான். அதை மீண்டும் மூடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. ரசிகர் பேச்சில் நழுவிப்போகும் இடம் இது. அணிக்கும் அணிக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பேசிப் பேசி, ஒரே அணிக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பார்க்காமல் விடுகிறோம்.

சாய் சுதர்சனின் கணக்கைப் பாருங்கள். சென்னைப் பையன். 2022-இல் குஜராத் அவரை அடிப்படை விலையான 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 தொடக்கத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் முதன்முறையாக ஏலம் நடத்தியது. அணி ஒன்றுக்கு மொத்தப் பர்ஸே 70 லட்சம். அதில் கோவை கிங்ஸ் சுதர்சனுக்குத் தந்தது 21.6 லட்சம். திண்டுக்கல்லும் திருநெல்வேலியும் ஆட்டம் நடக்கும் ஊர்களாக இருக்கும் ஒரு மாநில லீக், உலகின் மிகப் பணக்கார கிரிக்கெட் லீக்கைவிட அவருக்கு அதிகச் சம்பளம் தந்தது. அதே ஆண்டு மே மாதம், ஜடேஜா கடைசி இரண்டு பந்தை அடித்த அதே இறுதிப் போட்டியில், சென்னையை எதிர்த்து 47 பந்தில் 96 ரன் எடுத்தவர் இந்த 20 லட்ச ரூபாய் ஆட்டக்காரர். 2024-இல் 527 ரன். அப்போதும் 20 லட்சம்தான். அடுத்த பெரிய ஏலம் வரும்வரை அணி வைத்துக்கொள்ள விரும்பினால் வீரர் விலை பேச முடியாது. பிறகு 8.5 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டு, 2025-இல் 759 ரன்னோடு தொடரின் ரன் பட்டியலில் முதலிடம் பிடித்தார்.

2023 இறுதிப் போட்டி இரவில் எதிர்ப்பக்கம் பந்து வீசிய பதிரனாவும் 20 லட்சத்துக்கு ஆடியவரே. சென்னையின் ஐந்தாவது கோப்பைக்கு அந்த ஆண்டு அவர் 19 விக்கெட் தந்தார். 2025-இல் 13 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டு, 2025 டிசம்பர் 16 அபுதாபி ஏலத்தில் 18 கோடிக்குக் கொல்கத்தா போனார். 'நல்ல விலைக்கு எடுத்தோம்' என்று நாம் கொண்டாடும் ஒவ்வொரு தேர்வும், ஓர் இளைஞருக்கு அவர் உழைப்பின் மதிப்பைவிடக் குறைவாகக் கொடுத்தோம் என்பதே. அணியின் பக்கம் நின்று கணக்குப் பார்க்கப் பழகிவிட்டதால், ஆட்டக்காரரின் பக்கத்திலிருந்து அதே கணக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பதில்லை.

அதே அபுதாபி ஏலத்தில் சென்னை, இந்தியாவுக்கு ஆடாத இருவரைத் தலா 14.20 கோடிக்கு எடுத்தது: உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா. இருவரின் அடிப்படை விலை 30 லட்சம். இரும்புலியூரில் இது பெரும் சண்டையைக் கிளப்பியது. மொத்தப் பணத்தையும் இரண்டு பையன்கள் மேல் போட்டுவிட்டார்கள் என்று ஒரு சாரார். முதியோர் அணி என்ற பெயரை இப்போதாவது கழற்றினார்களே என்று மறு சாரார். எனக்கு அந்த இருவருக்காக மகிழ்ச்சி. அதே உடைமாற்று அறையில் 30 லட்சத்துக்கு உட்கார்ந்திருக்கும் அவர்கள் வயதுப் பையனை நினைத்தால் மனம் உறுத்துகிறது. இருவருக்கும் இடையே 47 மடங்கு. ஆட்டத் திறனில் அந்த இடைவெளி இருக்க வாய்ப்பே இல்லை. ஏல அறையில் அந்த நிமிடத்தில் எந்த அணியிடம் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதே விலையின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

இப்போது பெரிய கணக்கு. 2023 முதல் 2027 வரை ஐந்தாண்டு ஊடக உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஆண்டுக்குச் சராசரி 9,678 கோடி. 2026-இல் ஓர் அணி வீரர்களுக்காகச் செலவிடக்கூடிய மொத்தம் 151 கோடி; அதில் ஏலப் பர்ஸ் 125 கோடி, மீதி ஆட்டக் கட்டணமும் திறன் ஊதியமும். பத்து அணிக்கும் சேர்த்து 1,510 கோடி. ஊடக உரிமை வருமானத்தில் மட்டும் பார்த்தாலே இது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. விளம்பரதாரர் பணமும் நுழைவுச்சீட்டு வருமானமும் இந்தக் கணக்கில் வரவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி ஆட்டக்காரர்களுக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தமே இருக்கிறது.

அந்த ஒப்பந்தம் எப்படி வந்தது? சங்கத்தால். பேஸ்பாலில் 1966-இல் எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து மார்வின் மில்லர் வந்து ஆட்டக்காரர் சங்கத்தின் பொறுப்பை ஏற்றபோது ஒரு வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர். ஓர் அணியில் கையெழுத்திட்டவர் வாழ்நாள் முழுக்க அந்த அணியின் சொத்து. அதை எதிர்த்து கர்ட் ஃபிளட் நீதிமன்றம் போய்த் தோற்றார். 1975-இல் நடுவர் தீர்ப்பு ஒன்று அந்தக் கட்டை அவிழ்த்தது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 7.6 லட்சம் டாலர், அதாவது சுமார் ஆறரைக் கோடி ரூபாய். அவர்கள் ஆண்டுக்கு 162 ஆட்டம் ஆடுகிறார்கள், ஐபிஎல் அணிக்கு லீக் சுற்றில் 14 ஆட்டம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் வகுத்துப் பார்த்தால், 30 லட்ச ரூபாய் வீரர் களமிறங்கும் நாளில் அவர் நிலைமை மோசமில்லை. 2025 முதல் ஓர் ஆட்டத்துக்கு 7.5 லட்சம் கட்டணம் வந்திருக்கிறது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் இதற்காக ஓர் அணி ஒதுக்கும் 12.60 கோடியை வகுத்துப் பாருங்கள்: ஓர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பேர், பதினான்கு ஆட்டம். 25 பேர் கொண்ட அணியில் மற்றப் பதின்மூன்று பேருக்கு அன்றைக்கு ஒன்றுமில்லை. பெஞ்சில் உட்காரும் பையனுக்கு 30 லட்சமே முழு ஆண்டு ஐபிஎல் வருமானம்.

பேஸ்பாலில் அணிகள் சமமில்லை, ஆனால் கடைசி ஆட்டக்காரருக்குச் சங்கம் இருக்கிறது. இங்கே அணிகள் சமம், கடைசி ஆட்டக்காரருக்குக் குரல் இல்லை. லோதா குழுவின் சீர்திருத்தத்தால் 2019-இல் பிறந்த இந்திய கிரிக்கெட்டர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இன்று ஆடிக்கொண்டிருக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கூட்டாகப் பேசும் அமைப்பு எதுவும் இல்லை. பெண்களைப் பொறுத்தவரை சென்னைக்கு ஓர் அணியே இல்லை. 2023-இல் மகளிர் பிரீமியர் லீக் ஐந்து நகரங்களோடு தொடங்கியபோது சென்னை அதில் இடம்பெறவில்லை. பதினாறு வயதில் 1.60 கோடிக்கு மும்பை எடுத்த மதுரைப் பெண் கமலினிக்குச் சேப்பாக்கம் சொந்த மைதானம் ஆக வழியில்லை. ஊர்ப் பையன் எங்கே என்று கேட்பவர்கள் இந்தக் கேள்வியையும் அதே உரத்த குரலில் கேட்க வேண்டும்.

தோனியின் சம்பள வரிசையையும் இந்த வெளிச்சத்தில்தான் நான் படிக்கிறேன். 2014-இல் 12.5 கோடி, 2018-இல் 15 கோடி, 2022-இல் 12 கோடி, 2025-இல் 4 கோடி. ஐந்தாண்டாகச் சர்வதேச ஆட்டம் ஆடாதவரை இந்தியாவுக்கு ஆடாதவராகவே கருதலாம் என்ற பழைய விதி மீண்டும் வந்ததால் இந்தக் கடைசித் தொகை சாத்தியமானது. 'தல விட்டுக்கொடுத்தார்' என்று தாம்பரம் மின்சார ரயிலில் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பெருமையில் பொய்யில்லை. விட்டுக்கொடுக்க முடிகிற இடத்தில் அவர் இருக்கிறார். விளம்பர வருமானம் இல்லாத, 26 வயதில் முழங்கால் போய்விட்ட ஒரு வேகப்பந்து வீச்சாளர் எதை விட்டுக்கொடுப்பது?

ரசிகரும் இந்தக் கணக்கில் ஒரு வரவு. தாம்பரத்திலிருந்து பார்க் ஸ்டேஷன், அங்கே இறங்கிப் பார்க் டவுன், பறக்கும் ரயிலில் சேப்பாக்கம். பயணச் செலவு சொற்பம். 2025-இல் மிகக் குறைந்த நுழைவுச்சீட்டு விலை 1,700 ரூபாய், அதுவும் கிடைத்தால். மைதானத்தில் இடம் சுமார் 38,000. ஆகவே இரும்புலியூர் ரசிகருக்கு ஆட்டம் என்பது பெரும்பாலும் போன் திரை. அவருடைய சொந்தப் பங்கு அந்தத் திரையைச் சுற்றி நடக்கும் வாதம். அணி கடைசி இடத்துக்குப் போன 2025-இலும் அந்த வாதம் நிற்கவில்லை. ஊர் டென்னிஸ் பந்துப் போட்டிகளில் வெளியூர் ஆட்டக்காரரைப் பணம் கொடுத்துக் கூட்டிவருவது சரியா என்று சண்டை போட்டுப் பழகியவர்கள் இவர்கள். உழைப்புக்கு விலை என்ன, ஊருக்கு உரிமை என்ன என்று அளக்க அவர்களுக்குத் தெரியும். பெரிய லீக்கிலும் அதே அளவுகோலைக் கையில் எடுக்கலாம்.

பர்ஸ் சமமாக இருக்கட்டும். அதை நான் விடமாட்டேன். பேஸ்பால் ரசிகர்கள் ஏங்கும் விதி அது, சிறிய ஊர் அணிக்கும் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அதனால்தான். ஆனால் அந்தச் சமத்துவத்தின் செலவை அடிமட்ட வீரர் ஏற்கக் கூடாது. டிரேடில் கைமாறும் தொகை அறிவிக்கப்பட வேண்டும். அதில் ஒரு பங்கு கைமாற்றப்படும் ஆட்டக்காரருக்குப் போக வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் அடிப்படை விலையில் ஆடியவருக்கு விலை பேசும் உரிமை வேண்டும். பெஞ்சில் இருப்பவருக்கும் ஆட்டக் கட்டணத்தில் ஒரு பாதியாவது சேர வேண்டும். இவற்றைக் கேட்க ஆடுகிறவர்களின் சங்கம் வேண்டும். ஊடக உரிமை ஒப்பந்தம் 2027-ஓடு முடிகிறது. அந்த ஆண்டுக்கான உச்சவரம்பு 157 கோடி என்று ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. 2028-க்கான எண்கள் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.